சொல்லிக்கொண்டு போனவன்

வக்கீல் தாண்டவராயனின் அறையில் ரகுபதிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவனால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனான். தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை. திரும்பி வந்தான். மறுபடி போனான்.

"இன்னா ரகு, ஒரு இடமா உக்காரேன். பாக்கறவனுக்குத் தலை சுத்துது" என்றான் நடேசன்.

மாசியில் மனைவி ராஜாமணி மஞ்சள் காமாலையில் செத்ததிலிருந்து ரகுபதி இப்படித்தான். வீட்டில் இருந்தால் சைக்கிளை எடுக்கத் தோன்றும். சைக்கிளில் ஏறினால் இறங்கத் தோன்றும். அழவில்லை. ஊரில் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. அதுவும் அவன் காதில் விழுந்து, அப்படியே போயிற்று.

இப்போது ஆடி. நெருக்கடி நிலை வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ரகுபதியும் நடேசனும் ஒரகடம் சாலையில் இருக்கும் வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தார்கள். ரகுபதி பி.ஏ. படித்தவன், டைம் ஆபீஸ் குமாஸ்தா. நடேசன் உலையடியில் நிற்பவன். அதே ஆலையின் சங்கச் செயலாளர் அமிர்தநாதன் பங்குனியிலிருந்து ஜெயிலில் இருந்தான். அவனுக்காகத்தான் இத்தனை பேரும் இந்த அறைக்கு வந்திருந்தார்கள். அவன் மனைவி சகாயமேரி சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"கவனமாக் கேளுங்க" என்றார் தாண்டவராயன். அந்தத் தாலுக்காவில் இப்படிப்பட்ட வழக்கைத் தொட வேறு வக்கீல் இல்லை. மற்றவர்களுக்கு அந்த வாரம் பார்த்து உடம்பு சரியில்லாமல் போயிற்று. "இது மிசா இல்லை. டி.ஐ.ஆர்., இந்தியப் பாதுகாப்பு விதி. மிசான்னா கோர்ட்டே கிடையாது. பிடிச்சா பிடிச்சதுதான். இதுல கோர்ட் உண்டு, சாட்சி உண்டு. அதனால நமக்கு ஒரு வழி இருக்கு. ஆலை கேட்டுக்கு முன்னால, மூணு மணிச் சங்கு ஊதுற நேரத்துல, அமிர்தநாதன் மதகு மேல ஏறி நின்னு அரசாங்கத்தைக் கவுக்கணும்னு பேசினானாம். நோட்டீஸ் கொடுத்தானாம். ஒரு போலீஸ்காரனும் ஒரு டீக்கடைக்காரனும் பார்த்தாங்களாம்."

"எவன் பார்த்தான்? பொய்யி" என்றான் நடேசன்.

"பொய்யின்னு எனக்கும் தெரியும். ஆனா பொய் சொல்றவன் ஒரு தேதி சொல்லியாகணும். சொல்லிட்டாங்க. அந்தத் தேதி எதுன்னு அவங்க விசாரிக்கலை." வக்கீல் ரகுபதியைப் பார்த்தார். சொல்லத் தயங்கினார். "உங்க மனைவியை எடுத்த அன்னைக்கு."

ரகுபதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு அமிர்தநாதன் சேரப்பணஞ்சேரியில ரகு வூட்லதான் இருந்தான் சார்" என்றான் நடேசன். "பாடையில பின்பக்கம் அவன் தோளு. சுடுகாட்டுக்கு வந்தான், ஏரியில முழுகினான், ஈரத்துணியோட எங்ககூடத்தான் திரும்பி வந்தான். ஊரே சொல்லும்."

"சரி. எப்போ கிளம்பினான்?"

நடேசன் ரகுபதியைத் திரும்பிப் பார்த்தான்.

"அரசு வக்கீல் முதல்ல அதைத்தான் கேப்பார். காலையில வந்தான், தூக்கினான், குளிச்சான். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கிட்டு மூணு மணிக்குள்ள ஆலை கேட்டுக்குப் போயிட்டான்னு சொல்வார். இருக்கிறது இரண்டு மைல். அவன் எப்போ போனான்னு பார்த்தது யார்?"

"சாவு வூட்ல யாரு சார் சொல்லிக்கினு போவாங்க?" என்றான் நடேசன். "கை காலைக் கழுவிக்கினு அவனவன் பாட்டுக்கு நடையைக் கட்டுவான். நாம திரும்பிப் பார்த்தா பக்கத்துல இருந்தவன் இருக்க மாட்டான். அதுதானே மொறை?"

"அந்த முறைதான் இப்ப கழுத்தைப் பிடிக்குது" என்றார் வக்கீல். "ரகுபதி, நீங்கதான் புருஷன். சங்கு ஊதினப்ப அமிர்தநாதன் என் பக்கத்துல இருந்தான்னு நீங்க சொன்னா மாஜிஸ்திரேட் சந்தேகப்பட மாட்டார்."

"எனக்குத் தெரியாது சார்."

"தம்பி" என்றாள் சகாயமேரி. "ஒரே ஒரு வார்த்தை. நீங்க சொன்னா நம்புவாங்க. இல்லைன்னா ரெண்டு வருஷம் மூணு வருஷம்னு போட்ருவாங்களாம். இப்பவே ஒரு காலை இழுத்துத்தான் நடக்குறார். அதுவரைக்கும் இருப்பாரான்னு…"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனாக்கா? சங்கு ஊதுச்சான்னே தெரியாது. யார் யார் வந்தாங்கன்னு தெரியாது. எதிர்ல நிக்கிறவர் ரெண்டு கேள்வி கேட்டா மாட்டிக்குவேன். எனக்கு அந்த நாளே இல்லை."

தாண்டவராயன் பேனா மூடியைத் திருகினார்.

திடீரென்று நடேசன் தொடையில் அடித்துக்கொண்டான். "அய்யய்யோ! சொல்லிக்கினான் சார்! அந்த மடையன் சொல்லிக்கினுதான் போனான்!"

"யாரு?"

"அமிர்தநாதன்தான். அவன் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. தினம் ஷிப்ட் வுட்டா கேட்டாண்ட நின்னுக்கினு ஒவ்வொருத்தன்கிட்டயும் பேர் சொல்லி 'வரேன் நடேசா, வரேன் பரசுராமா'ன்னு சொல்லித்தான் அனுப்புவான். சங்கத்தை அப்படித்தான் சேர்த்தான். வாய்க்கு அதுவே பழகிப் போச்சு. அன்னைக்கும் ரகு எதிர்ல வந்து நின்னுக்கினு 'வரேன் ரகு'ன்னுட்டான். சாவு வூட்ல! இவங்க மாமியா பாய்ஞ்சாங்க பாருங்க. 'வர்றியா? இன்னும் எத்தினி பேரைத் தூக்கறதுக்குடா வர்றே?'ன்னு. தெருவே திரும்பிப் பார்த்துது. ரகு, ஒனக்கு அதுகூடவா ஞாபகம் இல்லை?"

ரகுபதி இல்லையென்று தலையசைத்தான்.

தாண்டவராயன் முன்னால் சாய்ந்தார். "சங்கு?"

"அதைத்தான் சார் சொல்ல வரேன். அவங்க வாயைத் திறந்தாங்க, மூணு மணிச் சங்கும் ஊதிச்சு. சங்கை மீறிக் கத்துனாங்க. சங்கு நின்னும் அவங்க நிறுத்தலை."

வக்கீல் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். "நீ சங்கத்துக்காரன். உன் சாட்சி அரைச் சாட்சி. கத்தினவங்க வரணும்."

"அவங்களா?" என்றாள் சகாயமேரி. "அவங்க தம்பி சுப்பராயன் அடுத்த மாசமே மாரடைச்சுப் போயிட்டார். இவர் வரேன்னு சொன்னதாலதான் அந்தச் சாவு வந்துதுன்னு இன்னிக்கும் சொல்லிக்கினு இருக்காங்களாம். துக்கம் கேக்க நான் போனப்போ முகத்துல கதவைச் சாத்துனாங்க. அவங்க வந்து இவருக்குச் சாட்சி சொல்லுவாங்களா?"

ரகுபதி அதற்குள் படியிறங்கியிருந்தான். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

மாமியார் சுந்தராம்பாளின் வீடு படப்பையில். கருமாதிக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை. வழியில் இரண்டு முறை இறங்கி, காற்று இருந்த டயருக்கே காற்றடித்தான். போய்ச் சேர்ந்தபோது அவள் முற்றத்தில் சாக்கை விரித்து விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"ஒரு விஷயம் அத்தை."

"உக்காந்து சொல்லுங்க. கால்ல வெந்நீர் ஊத்திக்கினு நிக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்லை."

உட்கார்ந்தான். கை சும்மா இருக்கவில்லை, ஒரு பிடி கடலையை எடுத்து உரித்தான். "அமிர்தநாதன் வழக்கு வருது."

"அந்தப் பேரு இந்த வாசல்ல வேணாம்."

"அன்னைக்கு அவன் போறேன்னு சொல்லிட்டுப் போனானாம்."

"போறேன்னு எங்க சொன்னான்? வரேன்னான். வந்துது. என் தம்பியைத் தூக்கிக்கினு போச்சு."

"அதைத்தான் கோர்ட்டுல வந்து சொல்லணும். அவன் சொன்னதையும் நீங்க திட்டினதையும்."

சுந்தராம்பாள் உரிப்பதை நிறுத்தினாள். "உள்ள வெக்கறதுக்கா?"

"வெளிய எடுக்கறதுக்கு." நடந்ததைச் சொன்னான். நாலே வாக்கியம். அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல வரவில்லை.

"நல்லாருக்குது மாப்ள. என் வயித்தெரிச்சலை எடுத்துக்கினு போயி அவன் வூட்ல விளக்கேத்தணுமா?" அவள் முறத்தைத் தட்டினாள். "நீங்க அங்கதானே குந்திக்கினு இருந்தீங்க. அவன் ஒங்க மூஞ்சிக்கு நேராத்தானே சொன்னான். நீங்க போய்ச் சொல்லுங்க."

"எனக்கு ஞாபகம் இல்லை."

"எது ஞாபகம் இல்லை?"

"எதுவும் இல்லை. கொள்ளிச் சட்டி கையைச் சுட்டுது. அது மட்டும்தான்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். அழாத மருமகனைப் பற்றி அவளும் நாலு பேரிடம் நாலு விதமாகப் பேசியவள்தான்.

"அவளுக்கு இன்னா பொடவை கட்டினோம்னு தெரியுமா?"

"தெரியாது."

"யாரு பூ வெச்சான்னு?"

"தெரியாது அத்தை."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அரக்குக் கூரைப் புடவை, அதன் ஓரத்தில் எலி கடித்த இடத்தை உள்ளே மடித்துக் கட்டியது. கொல்லைக் கனகாம்பரம். மஞ்சள் பூசியபோது காமாலை உடம்பில் எது பூசின மஞ்சள் என்று தெரியாமல் இருந்தது. மூங்கில் பச்சையாக இருந்ததால் பாடை கனத்தது. அதைச் சொன்னபோது குரல் மாறியது. "அவன் தோள்ல சிம்பு ஏறிட்டுது. ஏரியில முழுகிட்டு வந்து நின்னான் பாருங்க, ஈரச் சட்டையில ரத்தம். அதைப் பார்த்துக்கினேதான் திட்டினேன். பாவி, வாயை மூடிக்கினு போயிருந்தா நானே மஞ்சப் பத்து போட்டு வுட்ருப்பேன்."

ரகுபதி உரித்துக்கொண்டே இருந்தான். தோலையும் விதையையும் ஒன்றாகவே முறத்தில் போட்டிருந்தான். அவள் அதைப் பொறுக்கிப் பிரித்தாள்.

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"வேண்டாம்."

"அவனைப் பார்த்தா திட்டுவேன்."

"திட்டுங்க."

"கோர்ட்லயேவா?"

"கோர்ட்லயே திட்டுங்க."

வழக்குக்கு முந்திய நாள் ஆலை மேனேஜர் ரகுபதியைக் கூப்பிட்டார். "நாளைக்கு லீவு கேட்டிருக்கே. எதுக்குன்னு எனக்குத் தெரியும். வேலை வேணுமா வேண்டாமா?"

"தெரியலை சார்" என்றான். உண்மையாகவே தெரியவில்லை. அதை மேனேஜர் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே படப்பைக்கு ஒரு போலீஸ்காரர் போயிருக்கிறார். மறுநாள் காலையில் பஸ்ஸில் சுந்தராம்பாளே அதைச் சொன்னாள். "கோர்ட்டுக்கு வந்தா உன்னையும் உள்ள போட்ருவோம்னான். எத்தினி நாளுக்குடான்னு கேட்டேன். நாத்து நடுறதுக்குள்ள வுட்ருவீங்களான்னேன். போயிட்டான்."

தாலுக்கா கோர்ட் சின்னக் கட்டடம். அமிர்தநாதனைக் கூண்டில் ஏற்றியபோது அவன் கம்பியைப் பிடித்துத்தான் ஏறினான். முகம் பாதியாகியிருந்தது. சகாயமேரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சுந்தராம்பாள் திட்டுவதற்கென்று திறந்த வாயை மூடினாள். கொஞ்ச நேரம் அவன் காலையே பார்த்தாள்.

நடேசன் சாட்சி சொன்னான். வக்கீல் முன்பே சொன்னபடி அது அரைச் சாட்சியாகத்தான் போயிற்று. பிறகு சுந்தராம்பாள் ஏறினாள். தாண்டவராயன் கேட்டதற்கெல்லாம் அளந்து பதில் சொன்னாள். அரசு வக்கீல் எழுந்தார்.

"எதிரி அமிர்தநாதன் உங்க மருமகனுக்குச் சிநேகிதன். அவன்மேல உங்களுக்குப் பாசம். அதனால வந்திருக்கீங்க."

"பாசமா? இவன் மேலயா?" அவள் கூண்டின் பக்கம் திரும்பினாள். "இவன் நாக்குல புத்து வைக்க! கருநாக்குக்காரன். சாவு வூட்ல வரேன்னு சொன்னவன்யா இவன். என் தம்பியை முழுங்கினவன். இவனுக்கு நான் பாசம் வெக்கறனா?"

பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அமிர்தநாதன் தலையைக் குனிந்துகொண்டான். ஊருக்கே தெரிந்த அந்தத் தப்பு அவனுக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது.

"சங்கு ஊதிச்சுன்னு சொல்றீங்க. எந்தச் சங்கும்மா? சாவுச் சங்கா, ஆலைச் சங்கா?"

"சாவுச் சங்கு ஊதுறவன் காலையிலயே குடிச்சிட்டுக் கவுந்துட்டான். ஆலைச் சங்குதான்."

"ஆலையில ஒரு நாளைக்குப் பல தடவை ஊதுவாங்க. அது மூணு மணிச் சங்குதான்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? படப்பையில இருக்கிற உங்களுக்கு அது என்ன தெரியும்?"

"என் பொண்ணு வூட்டுக்கு நான் வந்து போறவதானே. மாப்ளைக்கு வேலை முடியுற சங்கு அது. அது ஊதுனா அவ எழுந்து உலை வெப்பா. நான் பேசிக்கினு இருந்தாலும் பாதியில வுட்டுட்டுப் போயிடுவா. இரும்மா, சங்கு ஊதிட்டுதுன்னுவா." அவள் நிறுத்தினாள். "அன்னைக்கும் ஊதிச்சு. நான் இவனைத் திட்டிக்கினே இருந்தேன். அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். எழுந்து போக ஆள் இல்லை. அப்புறமும் இவனைத்தான் திட்டினேன். வேற யாரைத் திட்டறது?"

அரசு வக்கீல் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் அடுத்த கேள்வி ஏதும் இல்லைபோல. உட்கார்ந்துவிட்டார்.

ரகுபதி வெளியே போனான். வேப்பமரத்தைச் சுற்றி நடந்தான். ஒருவர் தீப்பெட்டி கேட்டார், இல்லையென்றான். மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே வந்தான்.

மதியத்துக்கு மேல் தீர்ப்பு. மாஜிஸ்திரேட் தலை நிமிராமல் வேகமாக வாசித்தார், வாசிக்கும்போது யாராவது வந்து பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. விடுதலை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அமிர்தநாதன் வெளியே வந்தான். நடேசன் அவனை அணைத்துப் பிடித்தான். சுந்தராம்பாள் எட்டியே நின்றாள். "தோளு ஆறிச்சா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் கோர்ட் வாசலில் நின்றிருந்த ஜீப்பிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் ஒரு தாள்.

"அமிர்தநாதன்? மிசா. ஏறு."

"விட்டாச்சே சார்!" என்று சகாயமேரி கத்தினாள்.

"அது வேற, இது வேற."

தாண்டவராயன் குறுக்கே போய் நின்றார். அவரை மரியாதையாக ஒதுக்கினார்கள். அமிர்தநாதனை அவ்வளவு மரியாதையாக ஏற்றவில்லை. தலை ஜீப் கூரையில் இடித்தது. சுந்தராம்பாள் அந்த அதிகாரியின் எதிரில் போனாள்.

"ஏன்யா, நான் சொன்னது பொய்யா?"

"இல்லம்மா. நல்ல சாட்சிதான் சொன்னீங்க."

"அப்புறம் ஏன்யா இழுத்துக்கினு போறீங்க?"

"மேலேருந்து ஆர்டர்."

ஜீப் போய்விட்டது. அவள் திரும்பிக் கோர்ட்டுக்குள் நடந்தாள். டவாலிச் சேவகன் தடுத்தான். ஐயா கிளம்பிவிட்டார் என்றான். கொல்லைப் பக்கம் கார் புறப்படும் சத்தம் கேட்டது. அவள் வக்கீலிடம் வந்தாள்.

"இப்ப எங்க போயிச் சொல்லணும்?"

"மிசாவுக்குக் கோர்ட் கிடையாதும்மா. ஐகோர்ட்டுக்குப் போகலாம். ஆனா சித்திரையில டில்லி சுப்ரீம் கோர்ட்டுலயே தீர்ப்புச் சொல்லிட்டாங்க. இந்த மனுவையெல்லாம் கேக்க முடியாதுன்னு. போட்டா தள்ளுபடிதான்."

"நான் சத்தியம் பண்ணிச் சொன்னேன். சரின்னு ஒத்துக்கினாங்க. அதுக்குப் பேரு ஒண்ணும் இல்லையா?"

தாண்டவராயன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"எழுதுங்க சார்" என்றான் ரகுபதி.

"தள்ளுபடி ஆகும் ரகுபதி."

"ஆகட்டும். ஒரு ஜட்ஜ் படிச்சுப் பார்த்து, கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போடட்டும். படிக்காமலே போக விடக்கூடாது."

"உங்க வேலை?"

"போயிருக்கும்."

"என்னையும் சேர்த்துப் பிடிச்சாலும் பிடிப்பாங்க" என்றார் வக்கீல் பொதுவாக, யாரிடமும் இல்லாமல். பிறகு கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். சுந்தராம்பாள் சகாயமேரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோர்ட் சந்தில் டைப் அடிப்பவர் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. சுப்பிரமணி என்று பேர். ஜீப் வந்ததை அவரும் பார்த்திருந்தார்.

"மிசா மனுவா? மிஷின் ரிப்பேர் சார்" என்றார்.

"காலையில அடிச்சீங்களே?" என்றார் தாண்டவராயன்.

"காலையில நல்லா இருந்துது."

"விலகுங்க. நான் அடிக்கிறேன்" என்றான் ரகுபதி.

"ரிப்பேருன்னு சொல்றேன்ல."

"ரிப்பேரான மிஷின்லயே அடிக்கிறேன்."

சுப்பிரமணி அவனைப் பார்த்தார், வாசலில் நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தார், சந்தின் இரண்டு முனைகளையும் பார்த்தார். எழுந்தார். ரகுபதி தாளுக்கு நடுவே கார்பன் வைத்து உருளையில் செருகினான். வக்கீல் முதல் வரியைச் சொல்ல ஆரம்பித்தார். சுப்பிரமணி வெளியே போய்விடுவார் என்று நினைத்தார்கள். அவர் பெண்களை உள்ளே வரச் சொல்லிவிட்டு, கடைப் பலகையை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகினார். கடைசிப் பலகையை உள்ளே நின்றபடியே செருகினார். விளக்கைப் போட்டார்.

"ஈ எழுத்து சிக்கும்" என்றார். "மெதுவா அடிங்க."